படபடப்பு நின்றால் பிரஷர் குறைந்துவிட்டதா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு வயது 47, ஊர் கம்பம். ஏலக்காய் வியாபாரம். புற்றடிக்கும் போடிக்கும் மாறி மாறி ஏலத்துக்குப் போகிறவன். தை மாதம் ஒரு நாள் ஏலம் முடிந்து வெளியே வந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது, கை நடுங்கியது. குமுளியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். பி.பி. 164/98, நாடித் துடிப்பு 112 என்றார். டென்ஷன்தான் காரணம் என்று மெட்டோப்ரோலால் 50 மி.கி. தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் படபடப்பு போய்விட்டது. சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாகக் கண்ணகி கோயிலுக்கு ஏறினேன். வருஷா வருஷம் ஏறுகிற மலை, இந்தத் தடவை கால் எழும்பவில்லை. வைகாசியில் வியாபாரம் மந்தம், பத்து நாள் வீட்டோடு இருந்தேன். டென்ஷன் இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று நிறுத்தினேன். மூன்றாம் நாள் நெஞ்சு தடதடவென்று அடித்தது, பி.பி. 178/104. பயந்துபோய் மறுபடி போட ஆரம்பித்துவிட்டேன். என் சந்தேகங்கள்: டென்ஷனால் வரும் பி.பி.க்கு இதுதானே சரியான மாத்திரை? ஏலம் உள்ள நாளில் மட்டும் போட்டால் போதாதா? குமுளியில் ஒரு வைத்தியசாலையில் பி.பி.க்கு என்று வாங்கிய ஆயுர்வேத மாத்திரையையும் ராத்திரி ஒன்று போடுகிறேன், சேர்த்துப் போடலாமா? வண்டன்மேட்டில் இருக்கும் என் மச்சான் தனக்கும் படபடப்பு என்று என்னிடம் ஒரு அட்டை வாங்கிப் போயிருக்கிறார். அவருக்கு இளைப்பு உண்டு, அதனால் ஏதும் ஆகுமா? வீட்டில் எடுத்த அளவுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது காத்திருக்காது. மச்சானுக்கு இப்போதே போன் போட்டு அந்த அட்டையைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டொரு மாத்திரைதான் போட்டிருக்கிறார் என்றால் அதோடு நிற்கட்டும். வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கே பக்கத்தில் ஒரு டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி விடட்டும். நம் உடம்பில் அட்ரினலினுக்குப் பதில் கொடுக்கும் இடங்களை ஏற்பிகள் என்கிறோம். அதில் பீட்டா என்ற வகை இதயத்தில் மட்டும் இல்லை, மூச்சுக்குழாயிலும் உண்டு. அங்கே அதன் வேலை குழாயைத் தளர்த்தி வைப்பது. இந்த மாத்திரை அதை அடைத்தால் குழாய் இறுகும். மெட்டோப்ரோலால் பெரும்பாலும் இதயத்தோடு நின்றுகொள்கிற ரகம்தான், ஆனால் அளவு கூடக் கூட அந்தப் பாகுபாடு மங்கிவிடும். இதே குடும்பத்து மூத்த மாத்திரையான புரோப்ரனலால் என்றால் பாகுபாடே கிடையாது. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரின் விறகுப் புகையில் நின்றுவிட்டு வருகிற ஆளுக்கு நடுராத்திரி இளைப்பு வந்தால், பம்பை எடுத்து அடிப்பார். பம்பில் இருக்கும் சால்பியூட்டமாலும் அதே பீட்டா ஏற்பி வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும். அது அடைபட்டிருந்தால் பம்பும் சரியாகப் பிடிக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

கடிதத்தைவிட நீங்கள் இணைத்திருந்த சீட்டைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தில் காயின் எடையும் ரகமும், பின்பக்கத்தில் உங்கள் ஒரு வாரத்துப் பிரஷர் கணக்கு. ஏலம் இருந்த செவ்வாய் மாலை 152/96. ஏலம் இல்லாத ஞாயிறு காலை 146/94, துடிப்பு 56. பக்கத்திலேயே உங்கள் கையெழுத்தில் 'இன்று மனசு நிம்மதி' என்று ஒரு குறிப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரியில்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எடுக்கும்போது சராசரி 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். மாத்திரையும் போட்டு, மனசும் நிம்மதியாக இருந்த காலையில் உங்களுக்கு 146/94. வாரத்தின் மற்ற நாள்களும் அதை ஒட்டியே இருக்கின்றன. ஏலம் அதன் மேல் ஆறு புள்ளி ஏற்றியிருக்கிறது, அவ்வளவுதான். ஆக உங்களுக்கு இருப்பது எல்லாருக்கும் வருகிற சாதாரண ரத்தக் கொதிப்புதான். டென்ஷன் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டென்ஷன் போனால் பிரஷரும் போய்விடும் என்ற கணக்கு உங்கள் சீட்டிலேயே தப்பாகிறது.

"எனக்கு நிஜ பி.பி. இல்லை டாக்டர், டென்ஷன் பி.பி.தான்" என்று சொல்லிக்கொண்டே உட்காருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலப் பெயரும் ஒரு காரணம். ஹைப்பர்டென்ஷன் என்பதில் வரும் டென்ஷன், ரத்தக்குழாய்ச் சுவரின் மேல் விழுகிற அழுத்தம். மனசின் டென்ஷன் அல்ல. கோபமோ பயமோ வந்தால் அந்த நேரத்துக்கு மேல் அளவு முப்பது, நாற்பதுகூட ஏறும், பிறகு இறங்கிவிடும். டாக்டர் அறையில் மட்டும் ஏறி, வீட்டில் சரியாக இருக்கிறவர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு உடனே மாத்திரை தேவைப்படாது, அவ்வப்போது பார்த்துவந்தால் போதும். அதனால்தான் வீட்டு அளவு இல்லாமல் நான் யாருக்கும் டென்ஷன் பி.பி. என்று பெயர் சூட்டுவதில்லை. நாள்பட்ட மனக்கவலை வேறு பாதையிலும் வரும்: தூக்கம் கெடும், சிகரெட் கூடும், ராத்திரி ஒரு பெக் இரண்டாகும், அவை பிரஷரை ஏற்றும்.

இனி, இந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். காயின் விலை கண்ணெதிரே சரிகிறது என்று வையுங்கள். மூளை அட்ரினலினை அவிழ்த்துவிடுகிறது. அது ஊர் முழுக்கத் தண்டோரா போடுவதுபோல உடம்பு முழுக்க ஓடுகிறது. இதயம் அதைக் கேட்டு வேகமாக, பலமாக அடிக்கிறது. சிறுநீரகம் கேட்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது, அதுவும் பிரஷரை ஏற்றுகிற சங்கிலியின் முதல் கண்ணி. பல ரத்தக்குழாய்கள் கேட்டுச் சுருங்குகின்றன. உங்கள் மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் என்ற வகை, அதாவது பீட்டா ஏற்பியை அடைக்கிற மருந்து. காது என்று நான் சொல்வது அந்த ஏற்பியைத்தான். பீட்டா பிளாக்கர் செய்வது இதயத்தின் காதிலும் சிறுநீரகத்தின் காதிலும் பஞ்சை வைப்பது. தண்டோரா நிற்கவில்லை, இதயத்துக்குக் கேட்கவில்லை. அதனால் துடிப்பு குறைகிறது, ரெனின் குறைகிறது, நாள்போக்கில் பிரஷரும் ஓரளவு இறங்குகிறது.

ஆனால் சுருங்குகிற ரத்தக்குழாய்களின் காது வேறு வகை, ஆல்பா என்று பெயர். மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்றவற்றின் பஞ்சு அங்கே எட்டாது. இதே வகையில் கார்வெடிலாலும் லாபெட்டலாலும் இரண்டு பக்கமும் அடைக்கும். ஆக, பதற்றமான நேரத்தில் துடிப்பு அடங்கியிருக்கும், நெஞ்சு அமைதியாக இருக்கும், ஆனால் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் ஏறியே இருக்கலாம். நெஞ்சு அடிக்காததை வைத்துப் பிரஷர் அடங்கிவிட்டது என்று நம்புவதுதான் இந்த மாத்திரையில் உள்ள பெரிய ஏமாற்று. உங்கள் 146/94ம் 56ம் ஒரே வரியில் நிற்பதைப் பாருங்கள்.

மனசையும் அது நேராகத் தொடுவதில்லை. எனக்கே ஒரு அனுபவம். எம்.டி. வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் கூடப் படித்தவன் ஒருவன் புரோப்ரனலால் ஒன்றைக் கையில் திணித்தான். போட்டுக்கொண்டு போனேன். கை நடுங்கவில்லை, குரல் தடுமாறவில்லை, நாடி பிடித்துப் பார்த்தேன், அறுபத்திச் சொச்சம். பரிசோதகர் கேட்ட முதல் கேள்விக்கு மிக நிதானமாகத் தப்பான பதில் சொன்னேன். பயம் அப்படியே இருந்தது, அது வெளியே தெரியாமல் போனதுதான் மிச்சம்.

நடுக்கத்தை அடக்குகிற இந்தக் குணத்துக்காகவே வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் பீட்டா பிளாக்கருக்குத் தடை இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜோங்-சு புரோப்ரனலால் எடுத்தது தெரிந்து வாங்கிய இரண்டு பதக்கங்களையும் பறிகொடுத்தார்.

ஏலநாளில் மட்டும் போட்டால் போதாதா என்றீர்கள். மேடை ஏறுகிறவருக்கு நடுக்கம் தெரியாமலிருக்க அன்றைக்கு மட்டும் சின்ன அளவில் புரோப்ரனலால் கொடுப்பது உண்டுதான். அது நடுக்கத்துக்கான வைத்தியம். ரத்தக் கொதிப்பு ஏலம் இல்லாத நாளிலும், நீங்கள் தூங்கும்போதும் குழாயை இடித்துக்கொண்டே இருப்பது, அதற்கு விட்டுவிட்டுப் போடுகிற மாத்திரை பிரயோஜனப்படாது. அதோடு, விட்டுவிட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று வைகாசியிலேயே பார்த்துவிட்டீர்கள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மாதக்கணக்கில் காதை அடைத்து வைத்தால் இதயம் சும்மா இருப்பதில்லை, கேட்காத குறையைத் தீர்க்கக் கூடுதலாகக் காது முளைக்கவிடுகிறது. பஞ்சை ஒரே நாளில் பிடுங்கினால் அத்தனை காதும் திறந்துகொள்ளும். வழக்கமான அட்ரினலின்கூட அப்போது இடி முழக்கமாகக் கேட்கும். துடிப்பும் பிரஷரும் முன்பு இருந்ததைவிட மேலே துள்ளுவது இதனால்தான். உங்களுக்குப் படபடப்போடு போயிற்று. இதயக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு இதே காரணத்தால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போயிருக்கிறது. எனவே இந்த மாத்திரையை நிறுத்துவதானால் டாக்டர் சொற்படி, ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஊருக்குப் போகும்போது அட்டையை மறந்துவிட்டுப் போவதும் நிறுத்துவதுதான், பையில் நான்கைந்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணகி கோயில் ஏற்றத்தில் கால் எழும்பாததற்கும் பெரும்பாலும் இதே மாத்திரைதான் காரணம். பளியன்குடிப் பாதை செங்குத்து. அங்கே காலுக்கு ரத்தம் அதிகம் வேண்டும், இதயம் வேகத்தைக் கூட்ட வேண்டும், மாத்திரை விடுவதில்லை. ஜீப்பை டாப் கியரில் வைத்துக் கம்பம்மெட்டு ஏறச் சொன்ன மாதிரி. ஆனால் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். 47 வயதில் மலையேற முடியாமல் போனால் இ.சி.ஜி. ஒன்று எடுத்தே ஆக வேண்டும், தேவைப்பட்டால் எக்கோவும். ஏறும்போது நெஞ்சில் பாரமோ இறுக்கமோ இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.

பீட்டா பிளாக்கர் வந்த கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. அட்ரினலின் ஏற்பிகளில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை உண்டு என 1948ல் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் 1960களில் புரோப்ரனலாலை உருவாக்கினார். இதயவலிக்காரருக்கு ரத்தத்தைக் கூட்டிக் கொடுப்பதற்குப் பதில் இதயத்தின் வேலையைக் குறைத்தால் என்ன என்பது அவர் யோசனை. 1988ல் நோபல் பரிசு வந்தது. பிரஷருக்கும் இது நல்லது என்று தெரிந்து, பிறகு பல வருஷம் பிரஷர் என்றாலே அட்டெனலால் என்று எழுதினோம், நானும் எழுதியிருக்கிறேன். 2002ல் வெளிவந்த லைஃப் என்ற ஆய்வு அந்தப் பழக்கத்தை அசைத்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு அட்டெனலால், பாதிப் பேருக்கு லோசார்டான் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரை. இரண்டு பக்கமும் பிரஷர் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கியது, ஆனால் பக்கவாதம் லோசார்டான் பக்கத்தில் சுமார் கால் பங்கு குறைவு. கையில் பட்டை கட்டி அளக்கிற பிரஷர் குறைகிற அளவுக்கு, இதயத்தை ஒட்டிய பெருந்தமனியில் அட்டெனலால் குறைப்பதில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. 2006ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் பீட்டா பிளாக்கரை முதல் படியிலிருந்து எடுத்துவிட்டது. ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தக் கழகம் 2023ல் முக்கிய மருந்து வகைகளில் ஒன்றாக இதையும் சொன்னது. டாக்டர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை. என் வழக்கத்தைக் கேட்டால், வேறு காரணம் இல்லாமல் பிரஷர் ஒன்றுக்காக மட்டும் இதை முதல் மாத்திரையாக நான் எழுதுவதில்லை.

வேறு காரணம் இருந்தால் கதையே வேறு. மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், நெஞ்சுவலிக்காரர், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர், தைராய்டு அதிகமாகச் சுரக்கிறவர், இவர்களுக்கு இது தேவையான மருந்து. இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த வகையில் சிலது ஆயுளையே நீட்டிக்கிறது. யாராவது இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தன் மாத்திரையைத் தூக்கிப் போட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை.

குமுளி டாக்டர் எழுதியதையும் நான் குறை சொல்ல மாட்டேன். துடிப்பு 112, கை நடுக்கம், எதிரில் வியர்த்துப்போன ஒரு மனிதர். அன்றைக்கு அது நியாயமான மருந்து. மூன்று, நான்கு மாதம் ஆகியும் யாரும் திரும்பிப் பார்க்காததுதான் குறை, அதில் பாதி உங்கள் பக்கம். படபடப்பும் நடுக்கமும் இருந்ததால் தைராய்டு பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். திடீர் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வருமானால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அபூர்வமாக அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி இந்தக் கூத்தைச் செய்யும், அதற்குப் பீட்டா பிளாக்கரை மட்டும் முதலில் கொடுத்தால் பிரஷர் எகிறும்.

அப்புறம் அந்த ஆயுர்வேத மாத்திரை. டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். பிரஷருக்கென்று விற்கிற பலவற்றில் சர்ப்பகந்தா என்ற மூலிகை இருக்கும். அது ஒன்றும் பொய் மருந்து இல்லை. மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதிய பிறகு உலகமே கவனித்தது, அதிலிருந்து பிரித்த ரிசர்ப்பின் அலோபதியிலும் பல வருஷம் ஓடியது. அது பலமான மருந்து என்பதுதான் இங்கே சிக்கல். ரிசர்ப்பின் அட்ரினலினின் தம்பியான நார் அட்ரினலினைக் கையிருப்பிலேயே காலி செய்கிறது, மெட்டோப்ரோலால் காதை அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் துடிப்பு அளவுக்கு மீறிக் குறையும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். ரிசர்ப்பின் மனச்சோர்வையும் கொண்டுவரக்கூடியது. உங்களுக்குத் துடிப்பு 56 வரை வந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். வைத்தியரிடம் நீங்கள் போடும் மெட்டோப்ரோலாலைச் சொன்னீர்களா? டாக்டரிடம் இந்த மாத்திரையைச் சொன்னீர்களா? மெட்டோப்ரோலால் எழுதிய டாக்டரையோ உள்ளூர் டாக்டரையோ பார்க்கும்வரை ராத்திரி மாத்திரையை எடுத்து வைத்துவிடுங்கள். மெட்டோப்ரோலாலை மட்டும் விடாதீர்கள், இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் வைகாசிக் கதை திரும்ப வரும்.

இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். கம்பமோ குமுளியோ, ஒரே டாக்டராக இருக்கட்டும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று எல்லை தாண்டித் தாண்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பாதிக் கதைதான் தெரியும். போடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் உட்பட, அதுவும் பிரஷரை ஏற்றும். இ.சி.ஜி., சுகர், கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், தைராய்டு, இவ்வளவும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அம்லோடிபினோ டெல்மிசார்டானோ, இப்படி வேறு வகை பிரஷர் மாத்திரை ஒன்றைத் தொடங்கிவிட்டு, மெட்டோப்ரோலாலை மெல்லக் குறைப்பது பற்றி அவரிடம் பேசலாம். அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், அப்படியானால் சொன்னால் மாற்றிவிடலாம். செலவைப் பற்றி யோசித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். சுகர் இருப்பது தெரியவந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பீட்டா பிளாக்கர் போடும்போது சுகர் இறங்கினால் படபடப்பும் நடுக்கமும் வராமல் போகலாம், வியர்வை மட்டும் வரும்.

உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது ஐந்து கிராமுக்குள். மலைப் பக்கம் போனால் உப்பிலிட்ட நெல்லிக்காயும், வீட்டில் கருவாடும் அப்பளமும் அந்தக் கணக்கில்தான் வரும். ஏல நாளில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயிலேயே ஓட்டுகிற பழக்கம் உங்கள் தொழிலில் உண்டு என்று தெரியும், அதை மாற்றினாலே பாதிப் படபடப்பு குறையலாம்.

டாக்டரைப் பார்ப்பதற்கு இடையில் மயக்கம் வந்தாலோ, துடிப்பு 50க்குக் கீழே போனாலோ அன்றைக்கே காட்டுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் மரத்துப்போவது என்றால் 108க்குப் போன் போடுங்கள், ஜீப்பை எடுத்துக்கொண்டு நீங்களே ஓட்ட வேண்டாம்.

அதுவரை அளவுகளை எழுதிக்கொண்டே இருங்கள். டீ குடித்து அரைமணி கழித்து, சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில், கை மேசை மேல், பேச்சில்லாமல் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ஏழு நாள் எடுத்து முதல் நாளைக் கழித்துவிட்டுச் சராசரி போடுங்கள். துடிப்பை எல்லா வேளைக்கும் எழுதுங்கள், மெஷினில் மூன்றாவதாக வருகிற எண் அதுதான், இந்தச் சீட்டில் அதை ஒரே இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.